கயிறு எட்டவில்லை, மச்சான்

என் பாசமுள்ள சூசை மச்சானுக்கு,

முதல் வரியிலேயே சொல்லிடுறேன், எனக்குப் பயமா இருக்கு. நீ இருந்திருந்தா ஸ்டீயரிங்கைப் பிடிச்சபடி திரும்பிப் பார்த்து, "உனக்கு எப்பத்தான்டா பயமில்லாம இருந்துச்சு"ன்னு கேட்டிருப்ப. கேட்டுக்கோ. ஆனா இது நம்ம தேயிலைக் கொழுந்து லொறி வளைவுல திரும்பும்போது நான் கண்ணை மூடிக்கிற பயம் இல்லை. தகரத்துல மழை கொஞ்சம் பலமா விழுந்தாலும் எழுந்து நின்னுடுறேன்.

இதை எங்கேருந்து எழுதுறேன் தெரியுமா? நம்ம தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாறை மேல இருக்கே, அங்கதான். சின்னப் பிள்ளைகள் பெஞ்சுல முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கேன். நம்ம லயத்து வரிசை வீட்டுச் சனம் முழுக்க இங்க இருக்கு. பாய், பானை, டிவிப் பெட்டி எல்லாம் வந்தாச்சு, ஒருத்தன் கட்டிலையே தலையில தூக்கிட்டு வந்துட்டான். என் தங்கச்சி பாக்கியமும் இங்கதான் இருக்கா. உன் பொண்டாட்டி பத்திரமா இருக்கா மச்சான், அதை முதல்ல தெரிஞ்சுக்கோ. அவளை இங்க கொண்டுவந்து சேர்க்கிறதுக்குள்ள நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

பாரிஸ்ல டென்னிஸ் போட்டி நடந்துக்கிட்டு இருக்கு. நீ போனதுக்கப்புறம் வர்ற முதல் போட்டி. இன்னிக்கு யாரு யாரோட ஆடுறான்னு எனக்குச் சரியாத் தெரியலை. அதையெல்லாம் விரல் விட்டுச் சொல்றவன் நீ. நான் உன் பக்கத்துல குந்திக்கிட்டு ரொட்டி தின்னவன்தானே.

அந்தப் பைத்தியம் உன்னைப் பிடிச்ச நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பதுளை டவுன்ல லொறியை கராஜ்ல விட்டுட்டு நின்னோம். எதிர்க்கடை டிவியில அந்த ஆட்டம் ஓடிச்சு. நீ என் கையைப் பிடிச்சு இழுத்து, "மச்சான், புல்லுல இல்லடா, மண்ணுல ஆடுறானுங்க. நம்ம மண்ணு மாதிரியே செவப்பு"ன்னு சொன்ன. லொறி ரெடியாகி கராஜ்காரன் வந்து கூப்பிட்டும் நீ அசையலை. கடைக்காரன் முறைச்சதுக்காக நான் வாங்கவேண்டி வந்த பிளாஸ்டிக் வாளி இன்னமும் எங்க வீட்டுல இருக்கு.

யாரு ஜெயிக்கிறாங்கங்கிறது உனக்குப் பெரிசில்லை. பந்து மண்ணுல விழுந்த தடம்தான் உனக்கு வேணும். கோட்டுக்கு உள்ளயா வெளியயான்னு சண்டை வந்தா, உசந்த நாற்காலியில இருக்கிற நடுவர் இறங்கி ஓடி வந்து குனிஞ்சு அந்தத் தடத்தைப் பார்ப்பார் பாரு, அப்ப நீ தொடையில தட்டுவ. "எவ்வளவு பெரிய ஆளு, உட்கார்ந்த இடத்துலேருந்தே சொல்லிட்டுப் போகலாம்ல. இறங்கி வர்றான் பாரு." சொல்லிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்ப. நீ ஏன் பார்க்கிறன்னு எனக்குத் தெரியும். ஊசி வளைவுல லொறியைப் பின்னால எடுக்கும்போது கிளீனர் இறங்கி, சில்லு பள்ளத்து ஓரத்துக்கு எவ்வளவு கிட்ட நிக்குதுன்னு பார்க்கணும். நான் ஃபுட்போர்ட்டுலயே தொங்கிக்கிட்டு, மலைப்பக்கம் முகத்தை வெச்சுக்கிட்டு, "வரலாம், வரலாம்"னு கத்துவேன். "இறங்கிப் பாருடா நாயே"ன்னு நீ போடுற சத்தம் கொஸ்லந்த வரைக்கும் கேட்கும்.

நம்ம லயத்துக்கு மேல அந்தப் பழைய டென்னிஸ் கோர்ட் இருந்தது உனக்கு ரொம்ப வசதியாப் போச்சு. வெள்ளைக்காரத் தொரைமார் காலத்துல மலைச்சரிவை வெட்டி, வெட்டின மண்ணையே பள்ளத்துப் பக்கம் கொட்டிச் சமப்படுத்தின இடம். மேல தேயிலை, நடுவுல கோர்ட், அதுக்குக் கீழ கல்லறைத் தோட்டம், அதுக்கும் கீழ நம்ம லயம். நமக்கெல்லாம் அது கிரிக்கெட் ஆடுற, கல்யாணப் பந்தல் போடுற வெறும் தரை. நீ ஒருத்தன்தான் அதைக் கோர்ட்டுன்னு சொல்லிக்கிட்டு, வருஷா வருஷம் பாரிஸ் போட்டி தொடங்குற ஞாயித்துக்கிழமை காலையில சுண்ணாம்பு வாளியோட ஏறுவ. வெலிமடை லீக்ஸ் மூட்டை வலைப் பையைப் பிரிச்சுத் தைச்சதுதான் நெட். ஜெயிச்சவனுக்கு ஒரு சேவல். அந்தச் சேவலைக் கடைசியில எல்லாரும் சேர்ந்துதான் தின்போம்.

நாலு மூலையிலயும் லொறி இரும்புப் பட்டையை வெட்டி ஆழமா முளை அடிச்சு வெச்ச. அளவுக்கு உன் நூல்கயிறு. ஒரு தடவை டேப்பை இரவல் வாங்கி அளந்து, இந்தக் கோட்டுக்கு இந்த முடிச்சு, அந்தக் கோட்டுக்கு அந்த முடிச்சுன்னு கட்டினதுதான், அதுக்கப்புறம் டேப்பைத் தொடவே இல்லை. மேல் முளையில சுருக்கை மாட்டி நடந்து வந்தா, கயித்தோட கடைசி முடிச்சு கீழ் முளையில வந்து டக்குன்னு உட்காரும். அந்தக் கீழ் முளைக்கு நேர் கீழதான் இப்ப நீ படுத்திருக்க. "ஆட்டம் தெரியுற இடமாப் பார்த்துப் புதைங்கடா"ன்னு விளையாட்டா சொன்னதை நாங்க நிசமாவே எடுத்துக்கிட்டோம்.

இந்த வருஷம் கோடு போட யாரு இருக்கா? நான்தான் போனேன். பாக்கியம் ஆணியில உன் தொப்பியோட தொங்கின கயித்தை எடுத்துக் கொடுத்தா. ஒரு வாரமா விடாத மழை. அன்னிக்குக் காலையில கொஞ்சம் விட்டிருந்துச்சு. மேல் முளையில மாட்டிக் கீழே வந்தேன். கயிறு எட்டலை மச்சான். நாலு விரல் குறையுது. இழுத்துப் பார்த்தேன், அப்பவும் வரலை.

நான் என்ன நினைச்சேன்னு உனக்கே தெரியும். நனைஞ்ச நூல்கயிறு சுருங்கும், துணி காயப்போடுற எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் சொல்லும். கையெல்லாம் ஈரம், கயிறும் ஈரம். "சூசை, உன் கயிறு உன்னை மாதிரியே முரண்டு பிடிக்குதுடா"ன்னு உன் கல்லறையைப் பார்த்துச் சொல்லிட்டு, சப்பாத்து நாடாவை அவுத்து நுனியில ஒட்டுப் போட்டு நீட்டிக்கிட்டேன். கோடு போட்டேன். நேராவும் வந்துச்சு. சாயங்காலம் பொடியன்கள் ஆடினானுங்க, நம்ம லயத்துல இருக்கிற பிள்ளைத்தாச்சிப் பொண்ணுகூட வந்து உட்கார்ந்து பார்த்துச்சு. அந்தக் கீழ் ஓரத்துலதான் உட்கார்ந்திருந்துச்சு.

அதுக்கப்புறம் மழை இன்னும் வலுத்துச்சு. கொஸ்லந்தப் பக்கம் அந்த வருஷம் மலை சரிஞ்சு லயத்தையே மூடினதுக்கப்புறம் இப்படி மழை பேஞ்சா நம்ம ஆளுங்க யாருமே வாய் விட்டுப் பேச மாட்டாங்களே, அப்படி ஒரு மழை. சுண்ணாம்பெல்லாம் கரைஞ்சிருக்கும்னு பார்க்கப் போனேன். கோடு கரையலை. மேலேருந்து கீழ வர்ற பக்கக் கோடு நடுவுல வெட்டுப்பட்டிருந்துச்சு. கீழ்த் துண்டு வாசப்படி மாதிரி இறங்கி, பக்கவாட்டுலயும் கொஞ்சம் நகர்ந்து நின்னுச்சு.

வீட்டுக்கு வந்து கயித்தை அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிட்டேன். மொறமொறன்னு காய வெச்சேன். காய்ஞ்ச கயித்தை எடுத்துக்கிட்டுப் போய் மறுபடி பிடிச்சேன். நான் போட்ட ஒட்டோட சேர்த்துப் பிடிச்சும் ஒரு சாண் குறைஞ்சுச்சு. சுருங்கினது கயிறு இல்லை மச்சான். மேல் முளையை விட்டுக் கீழ் முளை போய்க்கிட்டு இருந்திருக்கு. அங்கேயே உட்கார்ந்துட்டேன். அப்புறம்தான் எங்க உட்கார்ந்திருக்கேன்னு உறைச்சுச்சு. எழுந்து ஓடின ஓட்டத்தை நீ பார்த்திருக்கணும், அந்தச் சேவலை எனக்கே கொடுத்திருப்ப.

அங்க ஆளு மண்ணுல சறுக்கி ஆடுறான்னு கை தட்டிக்கிட்டு இருந்தோம். இங்க மண்ணே சறுக்குது.

இன்னொண்ணு கேளு. ஆபத்துன்னா எல்லாரும் ஒண்ணு கூடுற இடம்னு ஆளுங்க ஓடுற படம் போட்ட பச்சைப் பலகை ஒண்ணு இருக்கே, அது நிக்கிறது அந்தக் கோர்ட்டுலதான். சமமான இடம் அது ஒண்ணுதான்னு அங்க நட்டுட்டாங்க. ஒவ்வொரு மழைக்கும் தப்பு மேளம் அடிச்சதும் பிள்ளை குட்டியோட நாம அங்கதானே ஏறி நின்னோம்? லயம் தெரியணும்னு கீழ் ஓரத்துல நெருக்கியடிச்சு நின்னோம். நீ நடுவுல நின்னு ஜோக் அடிச்சுக்கிட்டு இருந்த. எது மேல நிக்கிறோம்னு நமக்கு யாருக்கும் தோணவே இல்லையே, ஏன்?

தோட்டத்து ஆபீஸ்ல சொன்னேன். அவங்க ஃபோன் பண்ணி, மண்சரிவு பார்க்கிற ஆபீசர் மாத்தயா ஒருத்தர் ஜீப்புல வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனா அன்னிக்கு அவருக்கு இன்னும் பல தோட்டம் பார்க்க வேண்டியிருந்துச்சு. கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கி, "சனத்தைக் கிளப்புற கணக்குக்கு மழை இன்னும் வரலையே"ன்னார். எனக்கு எங்கேருந்து வாய் வந்துச்சோ தெரியலை. எனக்குத் தெரிஞ்ச அரைகுறைச் சிங்களத்துல, "மாத்தயா, பாரிஸ்ல டென்னிஸ் ஆடுற இடத்துல, நாற்காலியில இருக்கிற மாத்தயா ஒத்தைப் பந்துக்காக இறங்கி வந்து மண்ணைப் பார்க்கிறார். நீங்க ஒரு லயத்துக்காக இறங்கக் கூடாதா"ன்னு கேட்டுட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே கதவைத் திறந்தார். கோட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்னுச்சு. வெடிப்பு எங்க போகுதுன்னு தேயிலைக்குள்ள நடந்து போய்ட்டுத் திரும்பி வந்தப்ப முகம் வேற மாதிரி ஆயிருந்துச்சு. உன் கயித்தை வாங்கி அவரே ஒரு தடவை பிடிச்சுப் பார்த்தார். "இன்னிக்கே. இருட்டுறதுக்கு முன்னாடி எல்லாரும் மேல பள்ளிக்கூடத்துக்குப் போகணும்"னார். போகும்போது அந்தப் பச்சைப் பலகையைத் தன் கையாலேயே ஆட்டி ஆட்டிப் பிடுங்கி ஜீப்புல போட்டுக்கிட்டார்.

எல்லாரும் கிளம்பினாங்க, உன் பொண்டாட்டியைத் தவிர. வீட்டுக் காம்பரா வாசல்ல உட்கார்ந்து அரிசியில கல் பொறுக்கிக்கிட்டு இருக்கா.

"போன தடவை போனோம், ஒண்ணும் ஆகலை, என் கோழி ரெண்டும்தான் போச்சு. அதுக்கு முந்தி போனோம், குடத்தை எவளோ தூக்கிட்டா. நீங்க போங்கண்ணே. நான் இங்க இருந்து பார்த்துக்கிறேன்."

"எதைடி பார்த்துக்குவ? மலையையா?"

கல்லு பொறுக்கிக்கிட்டே இருந்தா. அப்புறம் தலையைத் தூக்காமலேயே சொன்னா: "எல்லாரும் போயிட்டா அவரு மட்டும் தனியா இருப்பாரேண்ணே."

அதுக்கு நான் என்ன சொல்லுவேன், நீயே சொல்லு. மெர்சி வெலிமடையிலேருந்து ஃபோன்ல அழுதுக்கிட்டே கெஞ்சினா, பெத்த மகள் சொல்லியும் இவ அசையலை. எனக்குக் கோபம் வந்துச்சு. பயந்தவனுக்கு வர்ற கோபம்தான். கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுக் கோர்ட்டுக்கு ஏறினேன். போகக்கூடாத இடம், எனக்குத் தெரியும். என் ஒட்டை அவுத்து எறிஞ்சுட்டு, உன் கயித்துச் சுருக்கை அவ கையால மேல் முளையில மாட்டச் சொன்னேன். நுனியைப் பிடிச்சுக்கிட்டு நான் கீழே வந்தேன். கயிறு விறைச்சு நின்னுச்சு. முளை எனக்கு அந்தப் பக்கம் எட்டாத தூரத்துல இருந்துச்சு.

அவ கயித்தைப் பிடிச்சபடி ஒவ்வொரு முடிச்சாத் தடவிக்கிட்டே வந்தா. கிட்ட வந்து, "இதெல்லாம் அவரு போட்டதுதானே?"ன்னு கேட்டா.

"ஆமா."

"நீங்க எதையும் அவுத்துக் கட்டலையே?"

"நான் போட்ட ஒட்டைத் தூக்கிப் போட்டுட்டேன். இருக்கிறதெல்லாம் அவன் கட்டினது."

நுனியைத் தானே ஒரு தடவை முளைப் பக்கம் இழுத்துப் பார்த்தா. "அவரு கட்டினா சரியாத்தான் இருக்கும்"னு சொல்லிட்டு இறங்கினா. ஆபீஸ் சொல்லி, மகள் சொல்லி, நான் கத்திக் கேட்காதவ, நீ கட்டின முடிச்சுக்குக் கேட்டா. வழியில உன் கல்லறைகிட்ட நின்னு குனிஞ்சு என்னமோ சொன்னா. நான் தள்ளி நின்னுக்கிட்டேன். என்ன சொன்னா மச்சான்? என்கிட்ட இன்னமும் சொல்லலை. ஆட்டை அவுத்தா, குடத்தை எடுத்தா, உன் தொப்பியை எடுத்தா, வந்துட்டா.

அதுக்கப்புறம் மலை சும்மா நின்னுச்சு. அதுதான் எனக்குப் பெரிய திண்டாட்டமாப் போச்சு. "இந்தக் கிளீனர் மாரி ஒரு கயித்தைக் காட்டி ஊரையே கிளப்பிட்டான்"னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. குளிக்கப் போறேன், விறகு எடுக்கப் போறேன்னு ஒவ்வொருத்தனா நழுவுறான். நான் ரோட்டுல நின்னுக்கிட்டு ஆடு மேய்க்கிறவன் மாதிரி கத்துறேன். மலை வந்துடுமோன்னு பயம். வராம இருந்து, இவங்கல்லாம் வீட்டுக்குத் திரும்பிப் போனதுக்கப்புறம் வந்துடுமோன்னு அதைவிடப் பயம்.

தினம் மாத்தயா ஆளுங்க வந்து அளந்துட்டுப் போவாங்க. நான் கயித்தைக் கொடுத்து விடுவேன். பாக்கியம் தினமும் கேட்பா, "கயிறு எட்டுதாண்ணே?" முதல் நாள் அவ மனசு ஆறட்டுமேன்னு "எட்டுது"ன்னு சொன்னேன். உடனே மூட்டையைத் தூக்கிட்டா. "அப்ப வீட்டுக்குப் போகலாம்ல?" உன் பொண்டாட்டிகிட்ட ஆறுதலுக்குக்கூட ஒரு பொய் சொல்ல முடியாது. அதுக்கப்புறம் "எட்டலை"ன்னே சொல்றேன்.

நேத்து சாயங்காலம் ஃபோன்ல ஆட்டம் வெச்சேன். உனக்காகத்தான் வெச்சேன். சனம் சுத்தி வந்து உட்கார்ந்துச்சு. நடுவர் இறங்கி வந்து மண்ணைக் குனிஞ்சு பார்த்தார். நீ டிவி போட்டாலே முணுமுணுத்துக்கிட்டு எழுந்து போற பாக்கியம், நேத்து என் தோளுக்கு மேல எட்டிப் பார்த்து, "அந்த மனுஷன் எதுக்கு இறங்குறாரு?"ன்னு கேட்டா. தடத்தைப் பார்க்கன்னு சொன்னேன். "அதைத்தானா இத்தனை வருஷமாப் பார்த்துக்கிட்டு இருந்தாரு"ன்னு கேட்டுட்டு, ஆட்டம் முடியுற வரைக்கும் அங்கேயே இருந்தா.

இன்னிக்கு மத்தியானம் அது நடந்துருச்சு மச்சான்.

ஜல்லி லொறி ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வந்து கொட்டின மாதிரி ஒரு சத்தம். தரை ஆடினது பெஞ்சுல தெரிஞ்சுச்சு. பிள்ளைகள் அழக்கூட இல்லை. வெளியே ஓடி வந்தா ஒரே பனிமூட்டம், கையை நீட்டினா கை தெரியலை. பச்சை மண் வாடை மட்டும் மேல ஏறி வந்துச்சு. யாராவது கீழே போயிருக்காங்களான்னு எனக்கு உயிரே இல்லை. காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல பேர் கூப்பிடுற மாதிரி காம்பரா வாரியா எல்லார் பேரையும் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே வேற யாரோ கத்துற மாதிரி இருந்துச்சு. எல்லாரும் இருந்தாங்க. அந்தப் பிள்ளைத்தாச்சி இருந்துச்சு. என்னைக் கேலி பண்ணினவனும் இருந்தான், என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை.

எல்லாப் பேரும் முடிஞ்சுச்சு. பாக்கியம் மெதுவா, "அவரு"ன்னா.

உன் பக்கம் என்ன ஆச்சுன்னு இதை எழுதுற வரைக்கும் தெரியலை மச்சான். கோர்ட் பாதி போச்சா, முழுசாப் போச்சா? உன் சிலுவை நிக்குதா? நாங்க இத்தனை பேரும் உன் கயித்தைப் பிடிச்சு ஏறி வந்துட்டோம், உன்னை மட்டும் அங்கேயே விட்டுட்டு வந்திருக்கோம். பனி விலகினதும் மாத்தயா ஆளுங்களோட ஒருத்தர் போய்க் கல்லறை இருந்த இடத்தை அடையாளம் காட்டணுமாம். பாக்கியம் உன் தொப்பியை மடியில வெச்சுக்கிட்டு, "யாராவது இறங்கிப் பார்க்கணும்ணே"ன்னு சொல்றா. என்னைப் பார்த்து அவ கேட்கலை. என்னைப் பத்தி அவளுக்குத் தெரியாதா.

"நான் போறேன்"னு சொல்லிட்டேன். பயம் இன்னும் போகலை. ஆனா போவேன். நீ எங்க இருந்தாலும், மண்ணு உன்னை எவ்வளவு தூரம் தள்ளிக்கிட்டுப் போயிருந்தாலும், ஃபுட்போர்ட்டுல தொங்கிக்கிட்டு வேற பக்கம் பார்க்க மாட்டேன். இந்தத் தடவை இறங்கிப் பார்ப்பேன், மச்சான்.

இப்படிக்கு,
பாக்கியத்தோட அண்ணன், உன் மச்சான்,
உன் கிளீனர் மாரிமுத்து